ஓரணா வரியும் நம்ம தெருச் சாக்கடையும்

(உள்ளாட்சி அறிவோம் – குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம்)



மழைக்காலம் வந்தால் நம்ம பக்கத்துக் குழுக் கூட்டங்களில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடிச்சதும் ஒரே பேச்சுதான். "தெருவுல தண்ணி நிக்குது, சாக்கடை அடைச்சிக்கிச்சு, யாருகிட்ட போய்ச் சொல்றது?" ஒருத்தர் தலைவர்கிட்ட போங்க என்பார். இன்னொருத்தர் பி.டி.ஓ. ஆபீஸ் என்பார். அங்க போனா, "இது எங்க ரோடு இல்லைம்மா" என்று ஒரு பதில் வரும். அயனம்பாக்கத்தைச் சுற்றி இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 2011-ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. இந்தப் பக்கம் திருவேற்காடு நகராட்சி. கொஞ்சம் தள்ளிப் போனால் வில்லிவாக்கம், பூந்தமல்லி ஒன்றியங்களின் ஊராட்சிகள். ஒரு தெரு தாண்டினால் அதிகாரி மாறிவிடுகிறார், தண்ணி மட்டும் மாறாமல் ஓடி வருகிறது!

ஊர்ச் சாக்கடைக்கு யார் பொறுப்பு, ஊர் ரோட்டுக்கு யார் பொறுப்பு, வரிப் பணம் யார் கைக்குப் போகிறது – இந்தப் பிரிவினை எங்கேயிருந்து வந்தது என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம். பழைய கதைதான். ஆனால் உங்க வீட்டு வரி ரசீதுக்கும் இதுக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கு.

ராணி காலத்துப் பஞ்சாயத்து

ஊராட்சி என்றாலே மேடையில் எல்லோரும் உத்திரமேரூர் குடவோலையைப் பற்றிப் பேசுவார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பராந்தக சோழன் காலத்தில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று இருந்தது உண்மைதான், பெருமைதான். ஆனால் அந்தச் சபையில் உட்கார நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். பெண்ணுக்கும் இடமில்லை, உழுதவருக்கும் இடமில்லை. அதனால் அதை அங்கேயே வணங்கிவிட்டு, நாம் இன்று வரி கட்டும் முறை எப்போது வந்தது என்று பார்ப்போம்.

அது வெள்ளைக்காரர் ஆட்சியில், விக்டோரியா ராணி காலத்தில் வந்தது. 1871-ல் சென்னை மாகாணத்தில் உள்ளூர் நிதிச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு ஓரணா வரை கூடுதல் வரி வாங்கலாம் என்றது சட்டம். பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய். ஆக, பதினாறில் ஒரு பங்கு. சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுகாதாரம் எல்லாவற்றுக்கும் இதிலிருந்துதான் செலவு.

பிறகு 1882-ல் ரிப்பன் பிரபு ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். உள்ளூர் வேலைகளை உள்ளூர்க்காரரே பார்க்கட்டும் என்பது அதன் சாரம். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் வெள்ளை வெளேர்னு நிற்கிற ரிப்பன் மாளிகை இவர் பேரில் கட்டியதுதான். அந்தத் தீர்மானத்தை ஒட்டி 1884-ல் சென்னை மாகாணத்துக்கு ஸ்தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. மூன்று அடுக்கு. மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, அடியில் யூனியன். நம்ம பகுதி அப்போது செங்கல்பட்டு ஜில்லாவில் சைதாப்பேட்டை தாலுகா.

யூனியன் என்றால் ஒரு பெரிய ஊரோ, பக்கம் பக்கமாக உள்ள சில ஊர்களோ சேர்ந்தது. அதற்குக் குறைந்தது 5 பேர் கொண்ட ஒரு பஞ்சாயத்து. ஊர் முன்சீப் தானாகவே உறுப்பினர். மற்றவர்களைப் பெரும்பாலும் மேலேயிருந்து நியமித்தார்கள். (இப்போது நாம் 'யூனியன் ஆபீஸ்' என்று சொல்வது வேறு. அது 1958 சட்டத்தில் வந்த ஊராட்சி ஒன்றியம். பேர் மட்டும்தான் ஒண்ணு.)

இந்தப் பஞ்சாயத்துக்கு என்ன வேலை? தெரு கூட்டுவது, விளக்குப் போடுவது, சாக்கடை, கிணறு, குளம் சுத்தம் செய்வது. வருமானம்? வீட்டு வரி. இங்கேதான் தோழிகளே கொஞ்சம் கவனிக்கணும். நிலத்திலிருந்து வந்த ஓரணா வரி, பெரிய பணம், மேலே இருந்த போர்டுகளுக்குப் போனது. அவர்கள் செலவில் பெரும்பங்கு டவுனையும் சந்தையையும் ரயிலடியையும் சேர்க்கிற பெரிய சாலைகளுக்கு. வீட்டு வரி, சின்னப் பணம், கீழே இருந்த யூனியனுக்கு. அதில்தான் அழுக்கும் சாக்கடையும். யூனியன்கூடப் பெரிய ஊர்களுக்குத்தான். சின்னக் கிராமங்களும், ஊரை விட்டுத் தள்ளி வைத்திருந்த சேரிகளும் ஓரணா கட்டின நிலத்தில் உழைத்தன, ஆனால் அவர்கள் தெருவுக்கு எதுவும் வரவில்லை. கூட்டி அள்ளுகிற வேலையை மட்டும் அங்கேயிருந்த ஒரு சாதியார் தலையில் கட்டிவிட்டார்கள்.

பெரிய ரோடு போடுவதைத் தப்பு என்று சொல்லவில்லை. பஞ்சம் வந்தால் தானியம் ஏற்றி வர ரோடு வேணும். 1876 முதல் 1878 வரை நம்ம மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். ஆனால் பஞ்சம் இல்லாத வருஷத்திலும் காலரா வந்துகொண்டுதான் இருந்தது.

1884-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். அதே வருஷம்தான் ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் டாக்டர் கல்கத்தாவுக்கு வந்து காலராக் கிருமியை உறுதிப்படுத்தினார். ஒரு குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியை எடுத்துக் காட்டினார். அதற்கு 30 வருஷம் முன்னால், 1854-ல், லண்டனில் ஜான் ஸ்நோ என்ற டாக்டர் ஒரு தெருவின் அடிபம்புத் தண்ணீரால்தான் காலரா பரவுகிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துச் சொன்னார். பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். ஆக, நோயாளி மலம் கலந்த தண்ணீரைக் குடித்தால் காலரா என்பது தெரிந்துபோன பிறகும், குளத்தையும் கிணற்றையும் காப்பாற்றுகிற வேலை பணமில்லாத கையில்தான் இருந்தது.

சீமையில் எப்படி நடந்தது?

நம்மை ஆண்டவர்கள் தங்கள் ஊரில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது சுவாரசியம். இங்கிலாந்துக் கிராமங்களுக்கு 1894-ல்தான் பாரிஷ் கவுன்சில் என்ற ஊர்ச் சபை வந்தது. நம்ம யூனியன் சட்டத்துக்குப் பத்து வருஷம் பின்னால்! அதுவரை கோயில் கூட்டமும் நிலப்பிரபுவும்தான் அங்கே ஊரை நடத்தினார்கள்.

அந்தச் சபைக்கும் கையில் காசு கம்மிதான். வரி மதிப்பில் பவுனுக்கு 3 பென்னிதான் தானாக வசூலிக்கலாம். அப்போது 240 பென்னி ஒரு பவுன். அதற்கு மேல் வேணும்னா ஊர்க் கூட்டத்தின் சம்மதம் வேண்டும். அப்போதும் 6 பென்னிக்கு மேல் போகக் கூடாது. ஊர்க் கிணறு, ஊற்று, அழுக்குத் தண்ணீர் தேங்குகிற குட்டை, பள்ளம், நடைபாதை இவற்றைச் சபை பார்க்கலாம். பெரிய சாக்கடை, குழாய்த் தண்ணீர், வண்டிப் பாதை எல்லாம் அதற்கு மேலே இருந்த வட்டாரக் கவுன்சில் கையில்.

கேட்டதும் என்ன தோணுது? நம்ம யூனியன் கதை மாதிரியே இருக்கு இல்லையா? ஆனால் மூன்று வித்தியாசம் இருந்தது. அந்த மூன்றும்தான் இந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம்.

ஒன்று, அங்கே தேர்தல். சபைக்கு ஆட்களை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு, பெண்கள். கல்யாணமானவர், ஆகாதவர் இரண்டு பேருமே ஓட்டுப் போடலாம், நிற்கவும் செய்யலாம். பார்லிமெண்டுக்கு ஓட்டுப் போட அந்த நாட்டுப் பெண்களுக்கு 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊர்ச் சபைக்கு 1894-லேயே கதவு திறந்தது. மூன்றாவதுதான் முக்கியம். வட்டாரக் கவுன்சில் சாக்கடை போடவில்லை, தண்ணீர் தரவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை என்றால், ஊர்ச் சபை அதற்கும் மேலே உள்ள கவுண்டி கவுன்சிலுக்கு எழுதிப் புகார் செய்யலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். புகார் சரி என்று பட்டால் கவுண்டி கவுன்சில் அந்த அதிகாரத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு இல்லாத சபைக்கு இது ஒரு பிடி.

கென்ட் பகுதியில் பென்ஸ்ஹர்ஸ்ட் என்று ஒரு கிராமம். அங்கே ஜேன் எஸ்கோம்ப் என்ற பெண் ஊர்ச் சபை உறுப்பினரானார். கூலி வேலை செய்யும் குடும்பங்கள் இருக்க வீடில்லாமல் நெருக்கடியில் கிடந்தன. வீடு கட்ட ஊர்ச் சபைக்கு அதிகாரம் கிடையாது. அந்த அம்மா விடவில்லை. வட்டாரத்துக்கும் மேலிடத்துக்கும் எழுதி, கேட்டு, வருஷக்கணக்கில் அலைந்து 1900-ல் வீடுகளைக் கட்ட வைத்தார். "எங்க சபைக்கு அதிகாரம் இல்லை" என்று அவர் முதல் நாளே உட்கார்ந்திருந்தால் அந்த வீடுகள் இல்லை.

எல்லா ஊரிலும் இப்படி நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பல சபைகளில் பண்ணைக்காரர்களே உட்கார்ந்து வரி ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். இது நம்ம ஊரிலும் தெரிந்த கதைதானே.

நர்ஸம்மா எழுதிய கடிதம்

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கு வைத்திருக்கிற நர்ஸ் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்திருப்போம். அவர் இந்தியாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் 30 வருஷத்துக்கு மேல் இந்தியக் கிராமச் சுகாதாரத்துக்காக எழுதிக்கொண்டே இருந்தார். 1890-களின் தொடக்கத்தில் அவர் அரசாங்கத்திடம் கேட்டது ரொம்ப எளிமையான ஒன்று. கிராமத்தில் வாங்குகிற வரியில் முதல் செலவு அந்தக் கிராமத்தின் சுகாதாரத்துக்கு இருக்கட்டும். மற்றது அப்புறம்.

ஓரணா வரி எங்கே போகிறது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்திருந்தது பாருங்கள்! அரசாங்கம் சுற்றி வளைத்துப் பதில் சொல்லியது, அவர் கேட்டது போல் மாற்றவில்லை.

இன்னொரு வேலையும் செய்தார். 1892-ல் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்லித்தரப் படித்த பெண்களைப் பயிற்சி கொடுத்து அனுப்ப வைத்தார். மேடை போட்டுப் பேசிவிட்டுப் போகக் கூடாது, வீட்டுக்கே போய் அந்த வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அவர் கறார். 1896-ல் இந்தியக் கிராமங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்று எழுதினார். இன்று நம்ம கிராம சுகாதார செவிலியரும், நம்ம குழு ஊக்குநரும் வீடு வீடாகப் போகிறோமே, அந்த வழிதான்.

சரி, அவர் கேட்ட 'முதல் செலவு' என்ன ஆச்சு? 15-வது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 100-க்கு 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று கட்டிப் போட்டது. அவர் கேட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு! அந்தப் பணத்தில் உங்க ஊராட்சியில் என்ன வேலை நடந்தது என்று கேட்டுப் பார்த்திருக்கீங்களா?

பக்கத்து ஊர்க் கதை: குத்தம்பாக்கம்

சீமையை விடுங்க. பூந்தமல்லி ஒன்றியத்தில், பெங்களூர் ரோட்டுப் பக்கம் இருக்கிற குத்தம்பாக்கத்தை எல்லோருக்கும் தெரியும். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் நடைமுறைக்கு வந்து, 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, 1996-ல் தேர்தல் நடந்தது. அதில் இளங்கோ என்பவர் அங்கே தலைவரானார். அதே ஊரில் தலித் குடும்பத்தில் பிறந்து என்ஜினியருக்குப் படித்தவர், விஞ்ஞானியாக வேலை பார்த்ததை விட்டுவிட்டு வந்தவர்.

ஊரில் சாக்கடைக் கால்வாய் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் கல் பாலிஷ் போடும் இடங்களில் உடைந்த கல் கழிவாகக் கிடந்தது. அதை வைத்து, உள்ளூர் ஆட்களையே வேலைக்கு வைத்து, மதிப்பீட்டை விட ரொம்பக் குறைந்த செலவில் கால்வாயைக் கட்டிவிட்டார். நல்ல வேலைதானே? ஆனால் அங்கீகரித்த முறைப்படி கட்டவில்லை என்று புகார் போய், பதவியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் விசாரணை. ஊரே கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. 2001-ல் மறுபடியும் ஜெயித்து 2006 வரை தலைவராக இருந்தார்.

இதில் அதிகாரி வில்லன், தலைவர் ஹீரோ என்று மட்டும் படிக்காதீர்கள். பொதுப்பணத்தில் கட்டுவதற்கு விதிமுறை வேண்டியதுதான், இல்லாவிட்டால் கமிஷன் அடிப்பவர்களுக்குக் கொண்டாட்டம். அங்கே காப்பாற்றியது எது என்றால், கணக்கு எல்லோர் முன்னாலும் திறந்து இருந்தது. கால்வாயை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் கிராம சபையில் பேச ஆள் இருந்தது.

எந்த ரோடு யாருது?

1994 சட்டத்தின் 110-வது பிரிவு ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகள், பாலங்கள் பராமரிப்பு, தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய் கட்டி அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது, தெரு கூட்டுவது, குப்பை அகற்றுவது, புதர் வெட்டுவது, பாழுங்கிணற்றையும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தையும் மூடுவது, பொதுக் கழிப்பறை, குடிநீர், சுடுகாடு, இடுகாடு. 'செய்யலாம்' என்று இல்லை, செய்ய வேண்டிய கடமை.

ரோட்டில் மட்டும் பிரிவு உண்டு. ஊருக்குள் தெரு, ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சி. ஒரு ஊரையும் இன்னொரு ஊரையும் சேர்க்கும் ஒன்றியச் சாலை என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது பி.டி.ஓ. ஆபீஸ். பஸ் போகிற பெரிய ரோடு பெரும்பாலும் மாநில நெடுஞ்சாலைத் துறை. பெங்களூர் ரோடு தேசிய நெடுஞ்சாலை. ஏரிக்கும் இப்படித்தான். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஒன்றியம்.

நம்ம பக்கம் ஒரு தனித் தலைவலி, மனைப்பிரிவுத் தெருக்கள். லேஅவுட் போட்டவர் சாலை நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் தெரு இன்னும் தனியார் பேரில்தான் நிற்கும், "எங்க தெரு இல்லை" என்ற பதிலும் வரும். மனை வாங்கும் முன்னாலேயே இதைக் கேளுங்க. வாங்கியிருந்தால், தானப் பத்திரம் ஆகியிருக்கா என்று ஊராட்சியில் எழுதிக் கேளுங்க.

கேட்கிற இடம்

கிராம சபை வருஷத்துக்கு நாலு தடவை கூடி வந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாச்சு. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பார்த்த 2016–2019 காலத்திலும் கிராம சபை கூடியது. அதனால் "தலைவர் இல்லையே" என்று வீட்டில் இருக்க வேண்டாம். எத்தனை பேர் வந்தால் செல்லும்? 500 வரை ஜனத்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். நம்ம கூட்டமைப்பில் எத்தனை குழு, எத்தனை உறுப்பினர் என்று எண்ணிப் பாருங்க. பல ஊரில் நாம் போனாலே கோரம் நிறைஞ்சிடும்! நகரத்துக்குள் போய்விட்ட தோழிகளுக்கு வார்டில் பகுதி சபை உண்டு.

அங்கே போய், "எங்க தெருவுல தண்ணி நிக்குது" என்று மட்டும் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, எத்தனை நாள் நிற்கிறது, தண்ணீர் போக வேண்டிய பழைய வழி எது, அதை யார் அடைத்திருக்கிறார்கள் – இதை நம்ம தீர்மானப் புத்தகத்தில் எழுதி, குழு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்றியச் சாலையாகவோ நெடுஞ்சாலையாகவோ இருந்தாலும் கிராம சபை தீர்மானம் போட்டு அந்தத் துறைக்கு அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை. கால்வாய் அடைப்பு எடுக்க, செப்டிக் டேங்க் இறைக்க ஆளை உள்ளே இறக்க விடாதீர்கள். மலத்தைக் கையால் அள்ள வைப்பதை 1993 சட்டமும் 2013 சட்டமும் தடை செய்திருக்கின்றன. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் உள்ளே இறக்கினால் இறக்கினவர் மேல் வழக்கு. தூய்மைக் காவலர்களாக வேலை பார்க்கிறவர்களில் நம்ம குழுத் தோழிகளே நிறையப் பேர். கையுறை, வண்டி, மாதச் சம்பளம் சரியாக வருகிறதா என்பதும் கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்விதான்.

குழுவில் பேசுங்க

1. உங்க வீட்டு வரி ரசீது யார் பேரில் இருக்கு? வருஷம் எவ்வளவு? கடைசியாக எப்போ கட்டினீங்க?

2. உங்க தெரு, அதை அடுத்த ரோடு, அதற்கு அடுத்த பெரிய ரோடு – மூன்றும் யாருடையது? ஊராட்சி எழுத்தரிடம் கேட்டு எழுதி வாங்குங்க.

3. உங்க தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது? ஏரியிலா, பக்கத்து ஊர்த் தெருவிலா? நடந்து போய்ப் பாருங்க.

4. போன கிராம சபையில் உங்க குழுவிலிருந்து எத்தனை பேர் போனீங்க? வரவு செலவு வாசித்தார்களா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது பிரதிநிதிகள் கொண்டு வாங்க. வரி ரசீது நகலும் ஒன்று எடுத்து வந்தால் நல்லது.